சலுகை வாங்காத மச்சாள்

என் மச்சாளோடு கோல்ஃப் விளையாடப் போனவர்கள் சிரித்த முகத்தோடு வீடு திரும்பியதில்லை. பதினொரு இலையுதிர் காலம் அவரோடு போனவள் நான். எனக்குத் தெரியாததா?

பந்து குழிக்கு ஒரு சாண் தள்ளி நிற்கும். பால்குடிப் பிள்ளைகூடத் தட்டி விழுத்திவிடும். வேறு யாராயிருந்தாலும் "அது போனமாதிரித்தான், எடும்" என்று சொல்லிவிட்டு அடுத்த குழிக்கு நடந்திருப்பார்கள். இந்த விளையாட்டில் அதற்கு ஒரு வழக்கமே உண்டு. கிட்டக் கிடக்கும் பந்தைப் பார்த்து எதிராளி "தந்தாச்சு" என்றால், அடிக்காமலே அது குழியில் விழுந்ததாக வைத்துக்கொள்ளலாம். மச்சாள் தரவும் மாட்டார், வாங்கவும் மாட்டார். கையைக் கட்டிக்கொண்டு நின்று, "நீர் அடியும், பாப்பம்" என்பார். அந்தப் "பாப்பம்" காதில் விழுந்தால் என் பந்து குழியை விலத்திப் போய்விடும். சாண் தூரத்தில் எத்தனை பந்தைத் தவறவிட்டிருக்கிறேன் என்று கேட்காதீர்கள்.

மச்சாள் என் கணவரின் மூத்த சகோதரி. மன்னாரில் பிறந்தவர். நோர்வேயில், ஒஸ்லோவின் ஹவுகெட்டோவில் எங்கள் வீட்டுக்கு இரண்டு பஸ் தரிப்பிடம் தள்ளி நெடுங்காலம் இருந்துவிட்டு, இப்போது மகனோடு ஸ்தவாங்கர் நகரத்துக்குப் போய்விட்டார். ஐந்தடிக்கு இரண்டு விரல் குறைவு. நீலக் கம்பளித் தொப்பியை இமைவரை இழுத்துவிட்டு, தன் இடுப்புக்கு மேல் நிற்கும் கோல்ஃப் பையைத் தானே முதுகில் போட்டுக்கொண்டு நடப்பார். தள்ளுவண்டி ஒன்று வாங்குங்கோ என்றால், முதுகு எதற்கு இருக்கிறது என்று கேட்பார்.

ஒஸ்லோவின் தெற்கு ஓரத்தில், காட்டை வெட்டி அமைத்த ஒரு கோல்ஃப் மைதானத்தின் கஃபேயில் அவருக்குச் சமையல் வேலை. வெயில்காலம் முழுக்க வாஃபிள் சுட்டு, மீன் சூப் காய்ச்சி, குசினி யன்னலால் விளையாடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். செப்டெம்பர் பாதியில் உறுப்பினர்கள் குறையத் தொடங்குவார்கள். சிலர் பையோடு ஸ்பெயினுக்குப் பறந்துவிடுவார்கள். கஃபேயும் இரண்டு மணிக்கே பூட்டிவிடும். அப்படி ஒரு நாளில் மனேஜர் குசினிக்குள் எட்டிப் பார்த்து, விருப்பமென்றால் நீங்களும் ஒரு சுற்றுச் சுற்றலாம் என்றாராம். பழகுநர் பயிற்சி முடித்தவர்கள்தானே விளையாடலாம் என்று மச்சாள் கேட்டிருக்கிறார். "உங்களுக்கு அதெல்லாம் தேவையில்லை, யார் பார்க்கப்போகிறார்கள்" என்று அந்த மனிதர் நல்ல மனதோடுதான் சொன்னார். "உங்களுக்கு" என்பது மச்சாளுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. அடுத்த கிழமையே பயிற்சிக்குப் பெயர் கொடுத்தார். உறுப்பினராகவும் சேர்ந்தார். காட்டுக்குள் தனியப் பந்து தேட ஏலாது என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

எங்களோடு பயிற்சிக்கு வந்த சென்னைப் பொடியன் ஒருவன், கம்ப்யூட்டர் வேலைக்காரன், விதிப் புத்தகத்தைப் பென்சிலால் கோடிட்டுப் படிக்கும் மச்சாளைப் பார்த்து, "ஆன்ட்டி, எதுக்கு இவ்ளோ சீரியஸ்? ஜஸ்ட் என்ஜாய் பண்ணுங்க" என்றான். மச்சாள் அடுத்த வரிக்குக் கோடு போட்டார். பயிற்சி முடிவில் வைத்த சோதனையில் அவர் ஒரு கேள்விகூடப் பிழைவிடவில்லை. அவன் இரண்டாம் தரம் எழுதவேண்டி வந்தது.

கோல்ஃப் வெயில்காலத்து விளையாட்டு என்று நினைக்கிறவர்கள் அதை இலையுதிர் காலத்தில் விளையாடிப் பார்க்காதவர்கள். ஜூலையில் நுளம்பு கடிக்கும். பின்னால் நாலு பேர் பெருமூச்சு விட்டுக்கொண்டு நிற்பார்கள். எங்களைப் போன்ற தட்டுத்தடுமாறிகளுக்கு அந்தப் பெருமூச்சுப் போதும், பந்து நேரே குளத்துக்குள் போய்விடும். ஒக்டோபரில் பின்னால் ஒருவரும் இல்லை. விடியற்புறம் புல்லில் வெள்ளையாக உறைபனி படிந்திருக்கும். அது கரையுமுன் மிதித்தால் புல் செத்துவிடும் என்பதால் புல் பராமரிப்பவர் கயிறு கட்டி மறித்துவிடுவார். நாங்கள் கஃபேயின் மரப்படியில் குந்தியிருந்து, பிளாஸ்கில் கொண்டுபோன இஞ்சிப் பிளேன்டீயைக் குடித்து, ஈயத்தாளில் சுற்றிய ஆட்டிறைச்சி ரோல்ஸைக் கடித்தபடி, வெள்ளை எப்போது பச்சையாகும் என்று பார்த்திருப்போம். உண்மையைச் சொன்னால் எனக்கு விளையாட்டைவிட அந்தக் காத்திருப்பில்தான் விருப்பம். ஊர்க்கதை, பிள்ளைகளின் கதை, பங்குக் கோயிலில் யார் யாரோடு கதைக்கிறதில்லை என்ற கதை, எல்லாம் அந்தப் படியில்தான் நடந்தேறும்.

கயிறு அவிழ்ந்தபின் முதல் பந்து. ஈரப் புல்லில் அது ஓடிய வழி ஒரு கோடாகத் தெரியும். குளிரில் அடி சரியாகப் படாவிட்டால் முழங்கைவரை விறைக்கும். சரியாகப் பட்டுவிட்டாலோ, அந்தச் சத்தம் காட்டின் மறுகரையில் போய் முட்டித் திரும்பி வரும். வெயில் பைன் மரங்களின் தலைக்கு மேலே ஏறாது, சாய்ந்தபடியே நாள் முழுக்கக் கூட வரும். பேர்ச் மரங்கள் மஞ்சளைக் கொட்டிக்கொண்டு நிற்கும். ஒரு முறை ஏழாவது குழிக்குக் குறுக்கே ஒரு காட்டு மான், எங்கள் ஊர் மாட்டைவிடப் பெரியது, குட்டியோடு வந்து நின்றது. அரை மணித்தியாலம் நாங்களும் நின்றோம். அவசரப்படுத்த ஒருவரும் இல்லை. நிலம் இறுகியிருப்பதால் பந்து விழுந்தபின்னும் துள்ளித் துள்ளி இருபது அடி கூடப் போகும். இலவசமாக வந்த அந்த இருபது அடியை மட்டும் மச்சாள் மறுத்ததில்லை. கேட்டால், அது நிலம் தந்தது, மனிசர் தந்ததில்லை என்பார்.

மனிதர் தந்தால்தான் பிரச்சினை. இலையுதிர் காலத்துக்கென்றே கிளப் ஓர் அறிவித்தல் ஒட்டும். இலைக்குள் விழுந்த பந்தைக் காணாவிட்டால், தண்டனை இல்லாமல் அங்கேயே இன்னொரு பந்தை வைத்து அடிக்கலாம். நல்ல ஏற்பாடு. மஞ்சளும் வெள்ளையுமாகக் கிடக்கும் இலைக் குப்பைக்குள் ஒரு வெள்ளைப் பந்தை யார் தேடுவது? மச்சாள் தேடுவார். சப்பாத்து நுனியால் இலையைக் கிளறிக்கொண்டு வட்டம் வட்டமாகச் சுற்றுவார். காணாவிட்டால், முன்பு அடித்த இடத்துக்கு நூற்றைம்பது மீற்றர் திரும்பி நடந்து, ஓர் அடியைத் தண்டனையாகக் கூட்டிக்கொண்டு மறுபடி அடிப்பார்.

ஒரு நாள் பொறுமை கெட்டு, என் பொக்கற்றில் கிடந்த புதுப் பந்தை மெல்ல இலைக்குள் நழுவவிட்டு, "இஞ்சை கிடக்கு, மச்சாள்" என்று கூப்பிட்டேன். அவர் வந்து குனிந்தார். எங்கள் பந்துகளில் எல்லாம் சிவப்புப் பேனையால் சின்னச் சிலுவை போட்டு வைத்திருப்பவர் அவர்தான். இதில் சிலுவையும் இல்லை, ஊத்தையும் இல்லை. "இது இப்பதான் கடையிலையிருந்து நடந்து வந்திருக்கு போல" என்றார். அவ்வளவுதான். நான்தான் முகம் சிவந்து, நாங்கள் என்ன ஒலிம்பிக்கிலா விளையாடுகிறோம், கிளப்பே விடுகிற சலுகையை எடுத்தால் தலையா போய்விடும் என்று கத்தினேன். அவர் பின்னுக்கு நடந்தார். அந்தச் சின்ன முதுகில் பெரிய பை ஆடிக்கொண்டு போனதைப் பார்க்க எனக்கு ஆத்திரமாயும் இருந்தது, பெருமையாயும் இருந்தது.

இந்தக் குணம் புல்வெளியோடு நின்றிருந்தால் நான் இதை எழுதவே வந்திருக்கமாட்டேன். ஒரு மாரியில் பனியில் வழுக்கி மச்சாளின் வலது மணிக்கட்டு முறிந்தது. நான் இறைச்சிக் கறியும் சோறும் சமைத்து, சட்டியோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். அன்று பின்னேரமே கதவு மணி அடித்தது. கழுவித் துடைத்த என் சட்டி. அதற்குள் கேக். இடது கையால் மாவடித்துச் சுட்டிருக்கிறார். வெறும் சட்டியைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம்தான். அதற்காக முறிந்த கையோடு, அதே நாளிலா? கேக் நல்லாய்த்தான் இருந்தது. ஆனால் எனக்கு ஒரு துண்டுக்கு மேல் இறங்கவில்லை. அவருக்கு ஏதும் செய்து பார்க்க ஆசைப்பட்ட என்னை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார் என்றுதான் பட்டது. மூன்று கிழமை நான் அவரோடு கதைக்கவில்லை.

நாலாம் கிழமை அவரே வந்து, கேட்காமலே ஒரு கதை சொன்னார். நோர்வேக்கு வந்த முதல் வருஷம், அகதி முகாமில், யாரோ கழித்துவிட்ட உடுப்புகளைப் பைபையாகக் கொண்டுவந்து கொட்டினார்கள். ஒரு பெண் பச்சை நிறக் கோட் ஒன்றை எடுத்து மச்சாளின் தோளோடு வைத்துப் பார்த்து, இது உனக்குப் போதும் என்றாள். நல்ல கோட்தான், கிழிசல் இல்லை. அதற்குப்பிறகு அந்தப் பெண்ணை ரயிலில் கண்டாலும் கடையில் கண்டாலும் அவள் முதலில் கோட்டைப் பார்ப்பாள், பிறகுதான் முகத்தைப் பார்ப்பாள்.

"அந்தக் கோட்டுக்கு நான் ஏழு வருஷம் நன்றி சொன்னனான்" என்றார் மச்சாள். "இனி ஏலாது."

அதற்குப்பிறகு நான் அவரைச் சமாதானப்படுத்தவும் இல்லை, திருத்தவும் இல்லை. ஆனால் மனதில் ஒரு பயம் இருந்தது. இப்படியே போனால், இந்த மனுசி ஒருவரிடமும் ஒன்றும் வாங்காமலே காலத்தை முடித்துவிடுவாரோ என்று.

இனி ஒரு போட்டியின் கதை. ஒவ்வொரு ஒக்டோபர் கடைசிச் சனிக்கிழமையும் மைதானம் பூட்டுமுன் பெண்களுக்கான இறுதி ஆட்டம். வென்றவரின் பெயர் கஃபே சுவரில் உள்ள மரப்பலகையில் ஏறும். மச்சாள் பத்து வருஷமாகத் தூசு துடைத்த பலகை. அதில் எங்கள் ஆட்களின் பெயர் ஒன்றுகூட இல்லை. ஒரு வருஷம் மச்சாள் ஒவ்வொருவராக வென்று இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டார். எனக்கு இரண்டு கிழமையாக நித்திரை சரியில்லை. அவர் பெயரை அந்தப் பலகையில் பார்த்துவிடவேண்டும் என்ற ஆசை எனக்கு அவரைவிட அதிகம். பொய் சொல்லவில்லை, நேர்த்திகூட வைத்தேன்.

எதிரே நின்றவர் ஓய்வுபெற்ற ஒரு டொக்டர் அம்மா. உயரம், ஒல்லி, அந்தப் பலகையில் நாலு தரம் பெயர் உள்ளவர். சிரிப்பையும் மருந்து மாதிரி அளந்துதான் தருவார். அவரும் யாருக்கும் "தந்தாச்சு" சொல்லிக் கேட்டதில்லை என்று கிளப்பில் கதைப்பார்கள். பாம்புக்கும் கீரிக்கும் போட்டி என்று நினைத்துக்கொண்டேன். இந்த ஆட்டத்தில் குழிக்குக் குழி வெற்றி. குறைந்த அடியில் முடிக்கிறவருக்கு அந்தக் குழி. அதிகக் குழி வென்றவருக்குப் போட்டி.

உறைபனியால் இரண்டு மணித்தியாலம் பிந்தித்தான் தொடங்கியது. நான் பை தூக்கினேன். அன்றைக்கு மட்டும், விதி அனுமதிக்கிறது என்று புத்தகத்தில் பார்த்தபின், என்னைத் தூக்கவிட்டார். நாலு மணித்தியாலம் இருவரும் பத்து வார்த்தைகூடக் கதைக்கவில்லை. டொக்டர் ஒரு குழி முந்துவார், மச்சாள் அதைப் பிடிப்பார். பதின்மூன்றாவதில் மச்சாளின் பந்து இலைக்குள் போனது. மூன்று நிமிஷம் தேடியும் காணவில்லை. அறிவித்தலில் உள்ள சலுகையை எடுங்கோ என்று டொக்டரே சொன்னார். மச்சாள் தலையாட்டிவிட்டுப் பின்னுக்கு நடந்தார். அந்தக் குழியைத் தோற்றார். டொக்டர் அவர் நடந்துபோவதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பதினேழு குழி முடிய இருவரும் சமம். பதினெட்டாவதில் டொக்டர் ஆறு அடியில் முடித்துவிட்டார். மச்சாள் நாலு அடி அடித்து, பந்து குழிக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. அதை விழுத்தினால் ஐந்து. போட்டியும் பலகையும் அவருக்கு. தவறினால் சமம், ஆட்டம் இன்னொரு குழிக்குப் போகும். கஃபே யன்னலில் முகங்கள் வரிசையாக ஒட்டியிருந்தன. மச்சாள் குனிந்து பந்துக்கும் குழிக்கும் நடுவே கிடந்த ஓர் இலையை எடுத்தார். நிமிர்ந்தார்.

"தந்தாச்சு" என்றார் டொக்டர்.

மச்சாளுக்கு விளங்கவில்லை என்று நினைத்து இன்னொரு தரம் சொன்னார். விளங்காமலா? வேண்டாம், நான் அடிக்கிறேன் என்று மச்சாள் நோர்வேஜிய மொழியில் சொன்னார். மறுக்க முடியாது என்றார் டொக்டர். மச்சாள் கிளப் செயலாளரைக் கூப்பிட்டார். அவர் போனில் விதிப் புத்தகத்தைத் திறந்து வாசித்தார். எதிராளி தந்துவிட்டால் தந்ததுதான். அதைத் தந்தவர் திருப்பி எடுக்கவும் முடியாது, வாங்குகிறவர் மறுக்கவும் முடியாது. குழி முடிந்துவிட்டது, நீங்கள் வென்றுவிட்டீர்கள்.

ஓர் எழுத்து விடாமல் அந்தப் புத்தகத்தைப் பாடமாக்கிய மச்சாளுக்கு அந்த விதி தெரியாமல் இருந்திருக்காது. யாரிடமும் வாங்கிப் பழகாததால் அதை மறந்திருந்தார்.  அப்படியென்றால் நான் சும்மா அடித்துப் பார்க்கலாமா என்று கேட்டார். பார்க்கலாம், ஆனால் அது கணக்கில் சேராது என்றார் செயலாளர்.

மச்சாள் அடித்தார். பந்து குழியின் விளிம்பைத் தொட்டது, அரை வட்டம் சுற்றியது, வெளியே வந்து நின்றது.

 மச்சாள் நிமிர்ந்து டொக்டரிடம், பார்த்தீர்களா, போகவில்லை, இன்னொரு குழி விளையாடுவோம் என்றார். டொக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டு கிட்ட வந்தார். தனக்கு இரக்கம் ஒன்றும் வரவில்லை என்றார். பதினெட்டுக் குழியும் உன்னோடு நடந்தேன், பதின்மூன்றாவதில் நீ திரும்பி நடந்ததையும் பார்த்தேன், இதற்குமேல் உன்னை அடித்துக் காட்டு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை என்றார். கையை நீட்டினார். மச்சாள் அந்தக் கையைப் பிடித்தார். 

கஃபே வாசலில் சப்பாத்துச் சேற்றைத் தட்ட ஒரு தும்பு பிரஷ் பொருத்தியிருக்கிறது. மச்சாள் அதில் சப்பாத்தைத் தேய்த்தார், தேய்த்தார், தேய்த்துக்கொண்டே நின்றார். சேறு எப்போதோ போய்விட்டது. உள்ளே போய்ப் பரிசு வேண்டாம் என்று சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை.

"மச்சாள், அவ உங்களுக்குக் கோட் தரேல்லை" என்றேன். "அவ தோத்துப்போனா. அதை உங்கடை கையிலை தந்தவ. என்ரை சட்டியைத் திருப்பித் தந்தமாதிரி இதையும் திருப்பிக் குடுத்திடாதேங்கோ."

 மச்சாள் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, காலுறையோடு உள்ளே போனார்.

உள்ளே பதினைந்து பெண்கள், கோப்பி, வாஃபிள் வாசம். பெயரைக் கூப்பிட்டார்கள். கை தட்டினார்கள். மச்சாள் எழும்பி முன்னுக்குப் போய், கடைசிப் பந்து குழிக்குள் போகவில்லை, அதை எல்லாரும் தெரிந்துகொள்ளவேண்டும் என்று தன் நேரான நோர்வேஜியத்தில் சொன்னார்.  பிறகு டொக்டர் சிரித்தார். அளக்காத சிரிப்பு. அதோடு எல்லாரும் சிரித்தார்கள். மச்சாளும் சிரித்தார் என்று சொல்ல ஆசைதான், ஆனால் அவர் சிரிக்கவில்லை. செயலாளர் பரிசைத் தூக்கிக்கொண்டு வந்தார். அந்தக் கிளப்பில் இலையுதிர் காலப் போட்டிக்குக் கிண்ணமும் இல்லை, பதக்கமும் இல்லை. வலைப்பையில் போட்ட ஓர் ஆட்டுத்தொடை. மலையில் மேய்ந்து இறங்கிய ஆடு. மச்சாள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கோயிலில் பாதரிடம் நன்மை அப்பம் வாங்குகிறவரைப் போல இரண்டு கையையும் ஏந்தி வாங்கினார். நான் தட்டிய தட்டில் என் உள்ளங்கை எரிந்தது. இந்த நாட்டில் முப்பது வருஷம் இருந்து நான் அப்படி நிமிர்ந்து நின்ற நாள் வேறு இல்லை.

அவர் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் கோபிப்பார். பலகையில் இருக்கிறது, போய் வாசிக்கலாம். ஓர் எழுத்துப் பிழையில்லாமல் செதுக்கியிருக்கிறார்கள்.

அடுத்த நாள் ஞாயிறு. அந்தத் தொடை மச்சாள் வீட்டில், ஊர் மிளகாய்த்தூள் போட்டுப் பிரட்டல் கறியானது. புட்டு அவித்தார். என் கணவர், நான், மச்சாளின் மகன், எல்லாரும் மேசையைச் சுற்றி இருந்தோம். சட்டியில் இன்னும் நிறைய இருந்தது. மச்சாளின் குணம் தெரிந்தவளாய், அவர் கேட்குமுன்னே நான் எழும்பி அலுமாரியில் ஒரு மூடிப் பெட்டியைத் தேடத் தொடங்கினேன்.

"டொக்டருக்குக் கொஞ்சம் குடுத்துவிடுவமே, மச்சாள்?"

மச்சாள் அகப்பையைப் பிடித்தபடி யோசித்தார். அவ்வளவு நேரம் யோசித்து நான் அவரைப் பார்த்ததில்லை.

"வேண்டாம்" என்றார். "இது எனக்குத் தந்தது."

எலும்போடு ஒரு பெரிய துண்டை எடுத்துத் தன் சாப்பாட்டுக் கோப்பையில் போட்டுக்கொண்டார்.